ஓடாத வண்டிக்கு ஊற்றிய எண்ணெய்

ஆவணி 6, ஞாயிறு

காலையில் தூறல். எட்டு மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். இன்று ஷெட்டில் நிற்கிற சிவப்புக் காருக்கு எண்ணெய், தண்ணீர் சகலமும் மாற்றும் வேலை. அடுத்த ஞாயிறு கார்த்திக்கு மாப்பிள்ளை அழைப்பு. அக்கா மகன் கல்யாணத்தில் தாய்மாமன் சும்மா வந்து நிற்கக் கூடாது. கூரையை மடக்கி, மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, நானே ஓட்டி வருவதாக ஏற்பாடு. என் யோசனைதான். யாரும் கேட்கவில்லை.

காசிம் காலையிலேயே வந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது காதர்பேட்டைப் பக்கம் நிட்டிங் மெஷினுக்கு ஊசி, ஆயில், ஸ்பேர் விற்கிறான். வேன், லாரி ஆயில் வகையும் உண்டு. ஊரில் பாதி பனியன் கம்பெனிக்கு அவன் கடை ஆயில். என் கம்பெனிக்கும்தான். ஞாயிறு என்றால் லுங்கியைக் கட்டிக்கொண்டு என் ஷெட்டில் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவான். எனக்கு ஓட்டத் தெரியும், துடைக்கத் தெரியும். மற்றதெல்லாம் அவன்.

மாற்றியவை:
எஞ்சின் ஆயில். கன்னங்கரேல். ஓடவே இல்லையே, எப்படிக் கருத்தது?
கூலன்ட். பச்சையாக இருக்க வேண்டியது காவித் தண்ணீர்.
கியர் ஆயில். பரவாயில்லை, இருந்தாலும் மாற்றியாச்சு.
பழைய பெட்ரோல். வார்னிஷ் நாற்றம். இறக்கியாச்சு.
பிரேக் ஆயில். டீ நிறம். இதற்குத்தான் அரை நாள். காசிம் ஒவ்வொரு சக்கரத்தடியிலும் போய் உட்கார, நான் பெடலை மிதிக்க, அவன் "மிதி", "பிடி", "விடு" என்று கத்த.

வண்டி வாங்கி இத்தனை வருஷத்தில் ஊட்டிக்குக்கூடப் போனதில்லை. மீட்டர் பார்க்கிறவன் எல்லாம் வாயைப் பிளக்கிறான். அதுதான் எனக்குப் பெருமை. காசிமுக்கு அதுதான் கடுப்பு.

"மீட்டரைப் பாக்காத, காலண்டரைப் பாரு. ஓடாத வண்டிக்கும் வயசாகுதுப்பா. பிரேக் ஆயில் உப்பு மாதிரி, காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். நீ ஓட்டுனா என்ன, போத்தி வெச்சா என்ன."

புது பாட்டில், சீல் என் கண் முன்னால்தான் உடைத்தான். மிச்சம் கொஞ்சம் இருந்தது. வைத்துவிட்டுப் போ என்றேன். மாட்டான். திறந்த பாட்டிலை வைத்திருந்து பிறகு ஊற்றினால் இன்று செய்ததெல்லாம் வீண் என்று கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்காரி கலா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு: "இந்தச் செவப்புச் சனியன் மேல வெக்கற அக்கறையில பாதி ஊட்டு மோட்டார் மேல வெச்சா, மேல தொட்டிக்குத் தண்ணியாச்சும் ஏறுமுங்க."

போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். 'கல்யாணத்துக்கு வண்டி ரெடி. எல்லா ஆயிலும் நானே மாற்றியது.' வண்டிக்கு அடியிலிருந்து காசிமின் இரண்டு காலும் நீட்டிக்கொண்டிருந்தன. அதை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். பாராட்டு குவிகிறது.

ஆவணி 8, செவ்வாய்

காற்று. சாயம் போடப் போன துணி டையிங்கிலிருந்து வரவில்லை. போன் செய்தால் "வண்டி கெளம்பிருச்சுங்க." நேற்றும் இதே வண்டிதான் கிளம்பியது.

கலாவுக்குப் பட்டுப்புடவை பிளவுஸ் வாங்கி வர. மறந்தேன். திட்டு.

ஆவணி 11, வெள்ளி

பயங்கரக் காற்று, ஒரே புழுதி. மத்தியானம் கார்த்தியும் சிநேகிதர்களும் வண்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு சுற்று போய்விட்டு வரலாம் என்று பானெட்டைத் திறந்தால், பிரேக் ஆயில் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ காற்று தங்கியிருந்து இப்போது வெளியே வந்திருக்கும் போல.

காசிமுக்குப் போன். ஸ்விட்ச் ஆஃப். அப்புறம்தான் உறைத்தது, ஜும்மா நேரம். கடையும் அடைத்திருக்கும்.

கார்த்தி வந்து நிற்கும்போது 'பாய் வரட்டும்' என்று சொல்ல முடியுமா? எல்லாம் நானே என்று போட்டோ போட்டவன்.

யோசனை வந்தது. கம்பெனியில் துணியை அமுக்கிப் பேல் கட்டுகிற பிரஸ் இருக்கிறது. அதுவும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, அதில் ஓடுவது சாதாரண மெஷின் ஆயில். பிரேக்கிலும் ஆயில், அதிலும் அழுத்தம். ஷெட்டில் நீடில் ஆயில் கேன் இருந்தது, நிட்டிங் மெஷின் ஊசிகளுக்கு விடுகிறது. தண்ணீர் மாதிரி தெளிவு, துணியில் பட்டாலும் அலசினால் போய்விடும். இந்த ஊரில் ஃபேன், கதவுக் கீல், தையல் மெஷின், பையன்கள் சைக்கிள் செயின், எதற்குத்தான் அதை விடவில்லை? அதைவிடச் சுத்தமான எண்ணெய் ஏது. டப்பாவில் மேல்கோடு வரை ஊற்றினேன். பெடலை நன்றாக மிதித்து மிதித்துப் பார்த்தேன். கச்சிதம்.

பசங்களை ஏற்றி ஊத்துக்குளி ரோடு வரை போய் வந்தோம். கார்த்தி: "மாமா, கலக்கறீங்க மாமா!"

சாயங்காலம் காசிம் திருப்பிக் கூப்பிட்டான். என்ன விஷயம் என்றான். சும்மாதான் என்றேன்.

ஆவணி 13, ஞாயிறு

வெயில். வண்டி கழுவி, பாலிஷ் போட்டாச்சு. பூ அலங்காரக்காரன் பசை டேப் ஒட்ட வந்தான், பெயிண்ட் போய்விடும் என்று சண்டை. கடைசியில் கயிறு.

பிரேக் பெடல் கெட்டியாக இருக்கிறது. புது வண்டியில் இப்படித்தான் இருக்கும்.

சட்டை தேய்க்க. செல்போன் சார்ஜ். ஆரத்திக்காரிகளுக்குச் சில்லறை.

ஆவணி 14, திங்கள்

கல்யாணம் முடிந்தது. முகூர்த்தம் நல்லபடி. நேற்றைய சங்கதியை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் கூப்பிடு தூரம். முன்னால் செண்டை மேளம், பின்னால் சனம், நடுவில் நான், பக்கத்தில் கார்த்தி. ஆமை வேகம். அடிக்கடி பிரேக். பாதி வழியிலேயே வண்டி இழுக்க மறுத்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க முக்கியது. மண்டப வளைவுக்கு முன்னால், சரியாக வாழை மரம் கட்டியிருந்த இடத்தில், நின்றுவிட்டது. காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை. முன் சக்கரம் இரண்டிலும் புகை. கருகல் நாற்றம். யாரோ "தீ, தீ" என்று கத்த, மேளம் நின்றது. கார்த்தி பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டிக் குதித்தான்.

ஏழெட்டுப் பேர் தள்ளினார்கள். அசையவில்லை. மாப்பிள்ளை நடந்தே மண்டபத்துக்குள் போனான். ஒரு கிழவி, "நல்ல காரியத்துல இதென்ன சாமி, வாசல்லயே பொகையுது" என்று சொன்னது அக்கா காதில் விழுந்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

காசிம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பானெட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திருகிக் கையில் எடுத்தான்.

அதே நேரத்தில் அக்கா வீட்டுக்காரர் ராமசாமி மச்சான் வந்து நின்றார். ஊரே கேட்கிற குரல் அவருக்கு. "ஏன் மாப்ள, நானே பாத்தேன் நானே பாத்தேன்னு குரூப்ல போட்டயே, இதா நீ பாத்த லட்சணம்?"

நான் சொன்னேன்: "நா என்னங்க மச்சான் பண்றது? காசிம் குடுத்த பிரேக் ஆயில். டூப்ளிகேட் சரக்காட்ட இருக்குதுங்க."

அப்படியேதான் சொன்னேன். காசிம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நிற்கிறான். மூடியை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை பார்த்தான், மூடியைத் திருப்பிப் போட்டு இறுக்கினான். கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். சாப்பிடவில்லை. முகூர்த்தத்துக்கும் வரவில்லை.

பக்கத்துக் கம்பெனிக்காரர் பழனிசாமி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "பாய் கடையிலீங்களா? அடக்கடவுளே, நம்ம மெசினுக்கெல்லாம் அங்கதானுங்களே ஆயிலு?" பந்தியில் அவருக்குப் பக்கத்தில் நாலு கம்பெனிக்காரர்கள்.

வண்டி இப்போது ஷெட்டில். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டார்கள்.

ஆவணி 15, செவ்வாய்

மப்பு. மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போயிற்று.

கம்பெனிக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூடியைத் திறந்தேன். மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர் உப்பி, நெளிந்து, பூரி மாதிரி. டப்பாவுக்குள் இரண்டு அடுக்கு. மேலே தெளிவாக ஒன்று, கீழே மஞ்சளாக ஒன்று.

போனில் தேடிப் பார்த்தேன். பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும். மெஷின் ஆயில் கரையாது, மிதக்கும். பிரேக்கில் இருக்கிற ரப்பர்களுக்கு மெஷின் ஆயில் ஆகாது. உப்பிப் போய் அடைத்துக்கொள்ளும், பிரேக் பிடித்தது பிடித்தபடி நிற்கும். சிறிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மிதந்தது.

கலா உள்ளே வந்துவிட்டாள். "என்னுங்க அது?" தைலம் என்றேன். தலைவலிக்கு. "தைலத்தை எதுக்குங்க டம்ளர்ல ஊத்தறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனாள்.

ஞாயிறு சாயங்காலம் எனக்கு இது தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. உப்பிய ரப்பரும் இரண்டு அடுக்கும் தெரியாது, வாஸ்தவம். ஆனால் புகை வந்ததுமே நீடில் ஆயில் கேன்தான் கண் முன்னால் வந்தது. அதற்கப்புறம்தான் வாயைத் திறந்து காசிம் பெயரைச் சொன்னேன். இந்த வரிசையை மாற்றி எழுத முடியவில்லை. த்தூ.

ஆவணி 17, வியாழன்

வெயில். கரண்ட் இரண்டு தடவை போனது.

எங்கள் கம்பெனி மெஷின் ஃபிட்டர் முருகேசன், தென்காசிக்காரன், ஆபீஸ் ரூம் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, பாய் கடை ஆயில் டூப்ளிகேட்னு எல்லா கம்பெனியிலயும் பேசிக்கிடுதாவ. பக்கத்துக் கம்பெனியில நேத்தே வேற கடைக்கு மாறியாச்சு. துணியில கறை விழுந்தா யாரு பதில் சொல்லதுன்னு கேக்காவ. நாமளும் மாறிருவமா?"

இந்த ஊரில் ஒரு ஆயில் கடையைப் பற்றி இதைவிடக் கெட்ட பேச்சு கிடையாது. ஆயில் சரியில்லை என்றால் துணியில் கோடு விழும், கறை நிற்கும், சாயத்துக்குப் போய் வந்த பிறகுதான் தெரியும். நிஜமா பொய்யா என்று யாரும் சோதித்துப் பார்க்க மாட்டார்கள். அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

'அவன் ஆயிலில் ஒரு குற்றமும் இல்லை' என்று சொல்ல வேண்டிய இடம். நான் சொன்னது: "இருக்கறது தீரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

ஆவணி 19, சனி

சம்பளம் போட்டாச்சு. நாளைக்குப் பொண்ணு மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டில் விருந்து. தாய்மாமன் வீட்டு விருந்து. வாங்க வேண்டியவை: வாழையிலை, நாட்டுக்கோழி, ஊத்துக்குளி வெண்ணெய் (கலா உருக்கிக்கொள்வாள்), வெற்றிலை, ஐஸ்கிரீம்.

"காசிம் அண்ணனுக்குச் சொல்லீட்டீங்களா?" என்றாள் கலா.

"போன் எடுக்கலை."

நான் போனே பண்ணவில்லை. போன் செய்து அவன் எடுத்துவிட்டால் என்ன செய்வது.

ஆவணி 20, ஞாயிறு

மத்தியானம் நல்ல மழை. பந்தலில் ஒழுகல்.

இன்று சொல்லிவிட்டேன். சொன்னதைவிடச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

முதல் பந்தியில் மச்சான், பழனிசாமி, அந்த நாலு கம்பெனிக்காரர்கள், கார்த்தி எல்லாரும். ரசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். பேச்சு வண்டிக்கு வந்தது. பழனிசாமி, "இந்தக் காலத்துல யாரை நம்பறதுங்க, கூடவே இருந்து கழுத்தறுக்கறானுங்க" என்றார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "காசிம் மேல தப்பில்லீங்க. அவன் குடுத்தது நல்ல ஆயிலுதான். நாந்தான் மேல நீடில் ஆயில ஊத்தீட்டேன்" என்றேன்.

பழனிசாமி இலையிலிருந்து கையை எடுத்து என் கையைப் பிடித்தார், ரசத்தோடு.

"மணியண்ணனுக்கு எத்தனை பெரிய மனசு பாத்தீங்களா? சிநேகிதனுக்கு ஒண்ணுன்னதும் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறாரு! கம்பெனி நடத்தறவருக்கு பிரேக்குல நீடில் ஆயில ஊத்தக் கூடாதுன்னு தெரியாதுங்களா?"

மச்சான்கூட, "அதாம்ப்பா எங்க மாப்ள" என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கார்த்தியின் புதுப்பெண் என்னை நிமிர்ந்து பார்த்து மரியாதையாகச் சிரித்தது.

இல்லை, நிஜமாகவே நான்தான் என்று இன்னொரு தரம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த இலைக்கு ரசம் ஊற்றினேன். எழுதவே கூசுகிறது, அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே குளுகுளுவென்றிருந்தது. பந்தி முடிந்து கை கழுவுகிறவரை அப்படியே இருந்தது.

எல்லாரும் போன பிறகு கலா பாத்திரத்தை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க சொன்னது நெசந்தானுங்களே?"

"ஆமா."

"டம்ளர்ல இருந்தது தைலமில்ல."

"இல்ல."

"அப்பறம் அவங்க மெச்சும்போது எதுக்குங்க பல்லக் காட்டிட்டு நின்னீங்க?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள். கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஆவணி 22, செவ்வாய்

இளவெயில். காசிம் கடைக்குப் போனேன்.

மற்ற நாளில் இந்நேரத்துக்கு நிற்க இடம் இருக்காது. இன்று அவன் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து ஊசி டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுவரோரம் நீடில் ஆயில் கேன்கள். சீல்கூட உடைக்காதவை. கம்பெனிகளிலிருந்து திரும்பி வந்தவை என்று கேட்காமலே தெரிந்தது.

முழுவதும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, கார்த்தி வருகிற அவசரம், பேல் பிரஸ், எல்லாம். அவன் துடைப்பதை நிறுத்தவில்லை.

"மூடி ரப்பரைப் பாத்தப்பவே தெரியும்."

"அப்ப அங்கயே ஏன்டா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவன் தொடர்ந்தான்: "தொழுகை முடிஞ்சா நேரா கடைக்குத்தான் வர்றேன். கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாமில்ல? வண்டி பிடிச்சு நின்னுச்சு, நல்லது. பிடிக்காமப் போயிருந்தா? பக்கத்துல கலியாண மாப்பிள்ளை."

"மன்னிச்சிருடா. மனசு கெடந்து அடிச்சிக்குது."

அதற்குத்தான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "எங்கிட்டச் சொல்லி எனக்கு என்னப்பா பிரயோஜனம்? எனக்குத்தான் தெரியுமே."

விருந்தில் சொன்னதையும் அவர்கள் நம்பாததையும் சொன்னேன். "அதுவும் கேள்விப்பட்டேன். என்னையக் காப்பாத்தறதுக்குப் பொய் சொன்னியாம். இப்ப டூப்ளிகேட் சரக்கு வித்தவனும் நாந்தான், உன் தயவுல தப்பிச்சவனும் நாந்தான்." இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. டப்பாவைத் தட்டில் வைத்தான்.

டீ சொல்லவில்லை. எப்போது போனாலும் முதலில் டீதான்.

ஆவணி 24, வியாழன்

கம்பெனிக்காரர்கள் குரூப்பில் எழுதிப் போடலாம் என்று உட்கார்ந்தேன். தட்டினேன், அழித்தேன். 'அன்பு நண்பர்களுக்கு' என்று ஆரம்பித்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. பழனிசாமி முதல் ஆளாகக் கும்பிடு படம் போடுவார், 'தங்க மனசு அண்ணா' என்று. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பல் டாக்டரிடம் போக வேண்டியது. போகவில்லை.

ஆவணி 26, சனி

காற்று குறைந்துவிட்டது. கொசு.

முருகேசனைக் கூப்பிட்டு அவனிடம் சொன்னேன். யாராவது ஒருவன் நம்புகிறானா பார்க்கலாம் என்று. முதலில் விழித்தான். "நீடில் ஆயிலயா அண்ணாச்சி? பிரேக்குலயா?" உடனே அடக்க முடியாமல் சிரித்தான். வாயைப் பொத்திக்கொண்டு, "மன்னிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தான். உப்பிய ரப்பரைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தான், அவ்வளவுதான், நம்பிவிட்டான்.

மனசு லேசானது. என்னைப் பார்த்து ஒருத்தன் சிரித்தது இந்தப் பதினைந்து நாளில் இதுதான் உருப்படியான சங்கதி.

"முதலாளிமாருட்ட சொல்லி என்ன அண்ணாச்சி? அவியளா ஆயில் வாங்குதாவ? எந்தக் கடையில வாங்கதுன்னு ஃபிட்டருதான் சொல்லுவான். திங்கக்கெழம காலையில எல்லாப் பயலும் ஊசி வாங்க பாய் கடைக்குத்தான் வருவான். ஊசி இன்னும் அங்கதான். ஆயிலுக்கு மட்டும் அடுத்த கடை."

அவன் யோசனை சொல்லவில்லை. தகவல்தான் சொன்னான். அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

ஆவணி 28, திங்கள்

காலையில் பனி மாதிரி லேசான மூட்டம். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அப்புறம் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணச் சட்டை. ரப்பரைப் பேப்பரில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். கலா வாசல் வரை வந்தாள்.

காசிம் கடையில் ஃபிட்டர்கள் ஏழெட்டுப் பேர். இரண்டு மூன்று பேர் வடக்கத்திப் பையன்கள். பழனிசாமி கம்பெனி ஃபிட்டர் செல்வனும் நின்றான். அவனை எனக்குத் தெரியும். அவனைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் என்று காலைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். செல்வன் வணக்கம் போட்டுவிட்டான்.

படியேறி கவுன்டர் பக்கத்தில் நின்று சொன்னேன். முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்கப்பா. காசிம் ஆயில் டூப்ளிகேட்டுன்னு கெளப்பி விட்டது நானு. அது பொய்யி. என்ற கார் பிரேக்குல நானே நீடில் ஆயில ஊத்திக் கெடுத்துட்டு, மானம் போகுதேன்னு இவன் பேரைச் சொல்லீட்டேன்."

காசிம் பில் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவைத் தூக்கவில்லை.

செல்வன் சந்தேகமாகப் பார்த்தான். "எங்க மொதலாளி வேற மாதிரியில்ல சொன்னாருங்க? நீங்க பாய்க்காகத்தான் இப்படிச் சொல்றீங்கன்னு."

"உங்க மொதலாளி சொன்னது தப்பு. எனக்குப் பெரிய மனசெல்லாம் கெடையாது." ரப்பரை எடுத்து கவுன்டரில் வைத்தேன். செல்வன் அதை எடுத்து, விரலால் அமுக்கி, மூக்கருகே கொண்டுபோய் மோந்தான். மெஷினோடு கிடக்கிறவனுக்கு அந்த வாசனை தெரியாதா. "அட, நெசமாலுமே நீடில் ஆயிலு!" என்றான். ரப்பர் கை மாறிக் கை மாறிப் போனது. ஒருத்தன் ஆரம்பிக்க, கடை மொத்தமும் சிரித்தது. "ஏனுங்க, ஃபேனுக்கு ஊத்தற நெனப்புல ஊத்தீட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்குக் காது மடல் எரிந்தது. முருகேசன் சிரிப்பு மாதிரி இது லேசாக இல்லை.

வடக்கத்திப் பையன் ஒருவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "க்யா ஹுவா பாய்?" என்று காசிமைக் கேட்டான்.

காசிம் அப்போதுதான் வாயைத் திறந்தான். என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்துச் சொன்னான், "இன்கி கல்தி. மேரா தேல் டீக் ஹை." கம்பெனியில் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த அளவு இந்தி வரும். இவர் தப்பு, என் எண்ணெய் நல்லது. இத்தனை நாளாக அவன் தன் வாயால் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொன்ன பிறகு, எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு இரண்டாவது தடவை எழுதினான்.

செல்வன் ஊசியோடு ஒரு கேன் ஆயிலும் கேட்டான். காசிம் சுவரோரம் போக நான் வழியில் நின்றேன்.

"தள்ளி நில்லு மணி. ஆளுங்க நிக்கறாங்க."

தள்ளி நின்றேன். போகச் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. புதிதாக வருகிறவனுக்கு, ஏற்கெனவே வந்து நின்றவன் கதையைச் சொன்னான், அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நெசமாங்க என்று கேட்டவனுக்கெல்லாம் ஆமாம் என்றேன். சிலர் ஆயில் வாங்கினார்கள். சிலர் சிரித்துவிட்டு ஊசி மட்டும் வாங்கிப் போனார்கள். கம்பெனியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மத்தியானம் அவன் ஷட்டரை இறக்குகிறவரை அங்கேயே நின்றேன். இன்னும் வராத கம்பெனிகள் இருக்கின்றன. நாளைக்கும் போய் நிற்க வேண்டும்.